கப்பல் தானாக ஓடுகிறதாமே!

போன ஆவணியில் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உப்பளம் வைத்திருக்கும் மாமா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு வந்தார். "மாப்ள, இப்பல்லாம் கப்பல் தானாத்தான் ஓடுதாமே! அப்புறம் எதுக்கு நம்ம பயலுக மூணு வருசம், நாலு வருசம்னு படிக்கிறானுக? என்னத்தச் சொல்லிக்குடுக்கீங்க அங்க?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதினெட்டு வருடம் கப்பலில் இருந்துவிட்டு இப்போது கேடட்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். பதில் தெரியாமல் இல்லை. தாம்பூலப் பை வாங்குவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அவ்வளவுதான்.

மாமாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதே பேச்சை விடுமுறைக்கு வரும் கப்பல் அதிகாரிகளே பேசுகிறார்கள். "காலேஜ்ல படிச்சது ஒண்ணும் கப்பல்ல உதவல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆள் அனுப்பும் அலுவலகங்களில் இருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள்; அவர்களுக்குச் சீக்கிரம் ஆள் வேண்டும். மாமா அவர்களிடம் கேட்டதைத்தான் என்னிடம் திருப்பிச் சொன்னார்.

அவர்கள் வாதத்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். நொடிக்கு நொடி காட்டுகிறது. காகிதக் கடல்வரைபடம் போய் எக்டிஸ் என்னும் மின்னணு வரைபடம் வந்து, பெரிய கப்பல்களில் அது கட்டாயமும் ஆகிவிட்டது. எந்தச் சரக்கை எங்கே வைத்தால் கப்பல் நிமிர்ந்து நிற்கும் என்று லோடிங் கம்ப்யூட்டர் போட்டுத் தருகிறது. ராத்திரியில் எஞ்சின் ரூமில் ஆளே இல்லை. கோளாறு என்றால் என்ஜினியரின் கட்டிலருகே மணி அடிக்கும். இப்படியிருக்க, கோள முக்கோணக் கணக்கு எதற்கு, செக்ஸ்டண்ட் எதற்கு, நட்சத்திரப் பெயர்கள் எதற்கு? பொத்தான்களைக் காட்டி ஆறு மாதத்தில் அனுப்பிவிட்டால் மிச்சத்தைக் கப்பல் சொல்லிக்கொடுக்காதா?

கருவி போதும் என்பது ஒரு பாதி. மிச்சத்தை அனுபவம் தரும் என்பது மறு பாதி. இரண்டையும் ஒரே கப்பல் ஒரே பயணத்தில் பொய்யாக்கிக் காட்டியது.

1995 ஜூன் 9, நண்பகல். 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கப்பலில் 1,509 பேர். கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி அணையவில்லை. செயற்கைக்கோள் கிடைக்காமல் போனதும் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து, கப்பலின் வேகத்தையும் திசையையும் வைத்து, இப்போது இங்கே இருக்கலாம் என்று ஊகித்துக் காட்டத் தொடங்கியது. காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளிக்கொண்டு போவது அதன் கணக்கில் வராது. ஊகம்தான் செய்கிறேன் என்பதைத் திரையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்தது. யாரும் பார்க்கவில்லை. தானியங்கிச் சுக்கான் அந்த ஊகத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஓட்டியது.

முப்பத்து நான்கு மணி நேரம். வாட்ச் மாறி மாறி அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொருவரும் மணிக்கொரு தரம் வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள், எல்லாப் புள்ளியும் அதே ஜி.பி.எஸ்.ஸிலிருந்து. பக்கத்திலேயே லோரான் என்ற இன்னொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆழமானியின் எச்சரிக்கை மணியைப் பூஜ்யம் மீட்டரில் வைத்திருந்தார்கள். தரை தட்டிய பிறகுதான் அது அடிக்கும். ரேடாரில் தெரிந்த ஒரு மிதவையைத் தாங்கள் எதிர்பார்த்த மிதவை என்று எடுத்துக்கொண்டார்கள். அது வேறு மிதவை. அடுத்த மிதவை தெரியவே இல்லை. ஆனால் பார்த்ததாகக் கேப்டனிடம் சொல்லப்பட்டது. காவலுக்கு நின்ற மாலுமிகள் மேலே சிவப்பு விளக்குகள் தெரிகின்றன என்றார்கள். பிறகு எதிரே நீலமும் வெள்ளையுமாகத் தண்ணீர் தெரிகிறது என்றார்கள். அலை உடைகிற ஆழமில்லாத கடல் அது. 10ஆம் தேதி இரவு 10.25க்கு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. போட்ட பாதையிலிருந்து 17 கடல்மைல் விலகியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

இதில் யார் அனுபவமில்லாதவர்? ஒருவரும் இல்லை. கவனித்துப் பார்த்தால் அனுபவம்தான் அவர்களைக் கவிழ்த்தது. அந்தக் கருவி அதுவரை அவர்களை இப்படி ஏமாற்றியதில்லை. ஒவ்வொரு பயணமும் நம்பு, நம்பு என்றுதான் கற்றுக்கொடுத்தது. கப்பல் கற்றுத்தரும் பாடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் ஆயிரம் நாளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நாள் எதுவும் கெடுவதில்லை. கெடாத நாளிலேயே கெடும் நாளைப் பற்றி யோசிக்க வைக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் வகுப்பறை என்று பெயர். கருவியை இயக்க நாங்கள் கற்றுத்தருகிறோம் என்பது உண்மை. அதைவிட அதிக நேரம் அதைச் சந்தேகப்படக் கற்றுத்தருகிறோம்.

சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டண்ட் விஷயமும் இதுதான். அது பழம்பெருமைக்காகப் பெட்டியில் வைத்திருக்கும் பித்தளைச் சாமான் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்கைப் பாருங்கள். செக்ஸ்டண்டில் கோணத்தை ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகாக அளந்தால் இடம் ஒரு கடல்மைல் பிசகும். கடிகாரம் நான்கு நொடி தவறினால், நிலநடுக்கோட்டருகே அதுவும் ஒரு கடல்மைல். கொஞ்சம் கை பழகியவன் ஒன்றிரண்டு மைல் துல்லியத்துக்கு இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். துறைமுகத்துக்குள் நுழைய இது போதாது, நடுக்கடலில் ஜி.பி.எஸ். பொய் சொல்கிறதா என்று பார்க்கத் தாராளமாகப் போதும். 17 மைல் பொய்யை அந்தி நேரத்தில் மூன்று நட்சத்திரம் பிடித்தால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். நட்சத்திரத்துக்குக் கேபிள் கிடையாது.

இப்போது கேபிள் கழலவும் வேண்டியதில்லை. 2017 ஜூனில் கருங்கடலில், நோவோரோசிஸ்க் பக்கம் நின்ற சுமார் இருபது கப்பல்களின் ஜி.பி.எஸ்., அவை கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. தண்ணீரில் நிற்கும் கப்பல் ஓடுபாதையில் நிற்பதாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். அதே பொய் இரண்டு மைல் அளவில் இருந்திருந்தால்? அமெரிக்கக் கடற்படை அகாடமி 1998இல் வானியல் வழிகாணும் பாடத்தை, காலம் போய்விட்டது என்று நிறுத்தியது. 2015இல் திரும்பக் கொண்டுவந்தது. உலகத்துக்கு ஜி.பி.எஸ். கொடுத்த நாடே நட்சத்திரத்துக்குத் திரும்பியதை நம் கல்யாண வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

அதே கடற்படை 'கப்பல் கற்றுக்கொடுக்கும்' என்ற கொள்கையையும் சோதித்துப் பார்த்தது. 2003இல் இளம் அதிகாரிகளுக்கான மாதக்கணக்கான பள்ளிப் பயிற்சியை நிறுத்திவிட்டு, பாடங்களை சி.டி.யில் போட்டுக் கையில் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்பியது. மிச்சத்தை மேலதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது எண்ணம். பின்னர் வகுப்பறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2017இல் 'ஃபிட்ஸ்ஜெரால்ட்', 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற இரண்டு போர்க்கப்பல்கள் சுமார் இரண்டு மாத இடைவெளியில் வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் இறந்தார்கள். அந்த சி.டி.தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை; வேலைப்பளு, தூக்கமின்மை, மெக்கெய்னின் குழப்பமான தொடுதிரை என்று காரணங்கள் பல. ஆனால் மோதல் தடுப்பு விதிகளிலும் அடிப்படைக் கப்பலோட்டலிலும் பயிற்சி போதவில்லை என்பதும் அந்த விசாரணைகளில் வெளிவந்த ஒன்றுதான்.

என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். ஸ்டெபிலிட்டி, அதாவது கப்பல் கவிழாமல் நிற்கும் கணக்கு. மாணவர்கள் அதிகம் திட்டுவது இதைத்தான். ஒவ்வொரு எடையையும் அதன் உயரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்து, புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று கையால் கண்டுபிடிக்க வைக்கிறேன். "சார், கம்ப்யூட்டர் போட்டுடுமே" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவன் கேட்பான். அவனுக்கு நான் 'கோல்டன் ரே'யின் கதையைச் சொல்வேன்.

2019 செப்டம்பர் 8, அதிகாலை. நாலாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களோடு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள பிரன்ஸ்விக் துறைமுகத்திலிருந்து வெளியேறிய அந்தக் கப்பல், வழக்கமான ஒரு வளைவில் திரும்பும்போது அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. புயல் இல்லை, பாறை இல்லை. எஞ்சின் ரூமில் சிக்கிய நான்கு பேரைக் கப்பலின் உடலை வெட்டித்தான் மீட்டார்கள். விசாரணையில் கண்டது: கப்பலுக்குக் கனம் கொடுக்கும் பல்லாஸ்ட் தொட்டிகளில் இருக்கும் தண்ணீரின் அளவைச் சீஃப் ஆபீஸர் லோடிங் கம்ப்யூட்டரில் தவறாக ஏற்றியிருந்தார். கம்ப்யூட்டர் கணக்கில் தப்பே செய்யவில்லை. கொடுத்த எண்ணுக்குச் சரியான விடையைத் தந்தது. கொடுத்த எண்தான் இல்லாத தண்ணீர்.

கையால் ஐம்பது தடவை அந்தக் கணக்கைப் போட்டவனுக்கு விடை வருவதற்கு முன்பே அது எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு நிதானம் வந்துவிடும். மேல்தளங்களில் இவ்வளவு வண்டி, கீழே இவ்வளவுதான் தண்ணீர், அப்படியிருக்க இந்த எண் எப்படி இவ்வளவு நன்றாக வந்தது என்று புருவம் சுருங்கும். மளிகைக் கடையில் பில் பார்த்ததும் "அண்ணாச்சி, கூட்டிப் பாருங்க, ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்கிற அம்மாவுக்கு இருக்கும் நிதானம் அது. கால்குலேட்டர் வந்த பிறகும் அந்த அம்மாவை யாரும் பழங்காலம் என்று சொல்வதில்லை.

கம்ப்யூட்டரே இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு, அதையும் சொல்லித்தருகிறோம். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் போய்த் திரும்பி வர எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். 32 மீட்டர் அகலமுள்ள கப்பல் 13 நொடியில் ஆடி முடித்தால், நிமிர்த்தும் திறனைக் காட்டும் ஜி.எம். என்ற அளவு ஏறத்தாழ 4 மீட்டர். கப்பல் விறைப்பாக இருக்கிறது. 25 நொடி எடுத்துக்கொண்டால் 1 மீட்டர்தான். கப்பல் மெதுவாக, சுகமாக ஆடுகிறது என்று பயணி நினைத்துத் தூங்குவான். படித்தவனுக்கு அந்தச் சுகத்தில்தான் வயிறு கலங்கும். இந்த ஒன்றை அனுபவத்தால் மட்டும் கற்க முயன்றால் கற்றுமுடிக்கும்போது கப்பல் இருக்காது.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். பாடத்திட்டத்தில் பதரும் உண்டு. விளக்கொளியில் மோர்ஸ் அடிக்கப் பழக்குவதற்குச் செலவாகும் நேரத்தை, களைத்த மனிதன் எப்படித் தப்புச் செய்கிறான் என்று சொல்லித்தரச் செலவிடலாம். முந்தைய வருட மாணவனின் ஜர்னலை அப்படியே பெயர்த்தெழுதி மதிப்பெண் வாங்குகிற வழக்கத்தை நாங்கள் கண்டும் காணாமல் விடுகிறோம். கோடிக்கணக்கில் வாங்கிய சிமுலேட்டரை விருந்தாளி வரும்போது மட்டும் போட்டுக் காட்டுகிற கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட மோசம், 'இதைப் படி, ஓரல்ஸில் கேட்பான்' என்று சொல்லியே பாடம் நடத்துவது. ஏன் என்று சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால், மாணவன் அதை மறந்துவிட்டுக் கல்லூரியில் படித்தது உதவவில்லை என்று பேசத்தான் செய்வான். அதற்குப் பாதிப் பொறுப்பு எங்களுடையது. ஆனால் இதெல்லாம் சரியாகச் சொல்லித்தர வேண்டும் என்பதற்கான காரணங்களே தவிர, சொல்லித்தரவே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல.

கற்றுக்கொடுக்க இன்றைக்குக் கப்பலுக்கு நேரமும் இல்லை. 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' 2021இல் சூயஸ் கால்வாயை அடைத்து நின்றபோது அதன் பணியாளர்கள் 25 பேர், எல்லோரும் இந்தியர்கள். இவ்வளவு பெரிய கப்பலில் இவ்வளவு சின்னக் கூட்டம். நான்கு மணி நேரம் வாட்ச், அதற்கு மேல் காகித வேலை, துறைமுகம் வந்தால் ராப்பகலாகச் சரக்கு. இதற்கு நடுவில் எந்தச் செகண்ட் மேட் உட்கார்ந்து கேடட்டுக்குப் பாடம் எடுக்கிறார்? எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் ஒருவர் வாய்த்தார். அதிர்ஷ்டத்தை நம்பிப் பாடத்திட்டம் போட முடியாது.

அனுபவமே போதும் என்கிறவர்களுக்கு நம் நாட்டின் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகப் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்தார்கள். ஸ்ராங்கு, தண்டல், கலாசி என்று அவர்களுக்குள் எத்தனை படிகள். கடல் அனுபவத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனாலும் பிரிட்ஜில் அதிகாரியாக நிற்கும் இடத்துக்கு அவர்களால் ஏற முடியவில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்டது கடல் அல்ல, பாடமும் அதன் சான்றிதழும். 1922இல் மத்தியச் சட்டமன்றத்தில் இந்திய வணிகக் கப்பல் துறைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தவர் நம் பி.எஸ். சிவஸ்வாமி ஐயர். அதன் தொடர்ச்சியாகக் குழு அமைந்து, 1927இல் பம்பாயில் 'டஃபரின்' என்ற பயிற்சிக் கப்பல் வந்தது. இந்தியப் பையன்கள் அதில் உட்கார்ந்து படித்தது இன்றைக்கு மியூசியம் என்று கேலி செய்யப்படும் அதே கோள முக்கோணக் கணக்கைத்தான். செம்மஞ்சேரியில் இன்று இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. ஆறு மாதப் பொத்தான் பயிற்சி போதும் என்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, நம் பையன்களைத் திரும்ப லஸ்கராக்கப் பார்க்கிறார்கள். கணக்குத் தெரிந்தவன் வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பான். இவன் சொன்னதைச் செய்வான்.

'மாலுமி' என்ற சொல்லும் இங்கே நினைவுக்கு வருகிறது. அரபியில் ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. இந்துமாக்கடலில் வழி தெரிந்து கப்பலைக் கொண்டுபோகிறவனுக்கு அந்தப் பெயர். கயிறு இழுப்பவனுக்கு அது பின்னால்தான் பொதுப்பெயர் ஆனது.

சரி, ஆளில்லாக் கப்பல்? நார்வேயில் 'யாரா பிர்க்கெலாண்ட்' என்ற 80 மீட்டர் மின்சாரக் கப்பல் 2022இல் சேவைக்கு வந்தது. 120 கொள்கலன் ஏற்றும். போவது கரையோரமாகக் கூப்பிடு தூரம். வரட்டும், நல்லதுதான். அதைக் கரையிலிருந்து கண்காணிக்கிறவன் எதைப் படித்திருக்க வேண்டும்? கப்பலின் ஆட்டத்தைக் காலால் உணர முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கணக்கு கூடுதலாகத்தான் தெரிய வேண்டும். 2024 மார்ச்சில் 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் போய் பால்டிமோர் பாலத்தில் மோதி, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். 300 மீட்டர் நீளக் கப்பலில் விசாரணை கடைசியில் போய் நின்ற இடம் ஒற்றை ஒயர். ஒயரில் மாட்டும் பெயர்ப்பட்டை தடுத்ததால் அது முனையத்துக்குள் முழுதாக உட்காரவில்லை. தானியங்கி எந்திரம் கூடக்கூட இப்படிப்பட்ட ஒயர்களும் கூடும்.

வகுப்பில் நான் நடத்தும் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு காலி பால்பவுடர் டின் போதும்.

2015 ஜனவரி 2ஆம் தேதி 'பல்க் ஜூப்பிடர்' என்ற கப்பல் வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. மலேசியாவின் குவாண்டானில் 46,400 டன் பாக்ஸைட் ஏற்றியிருந்தது. 19 பேரில் பிழைத்தவர் ஒருவர். ஈரமான தாதுப்பொடி பார்க்க மண் மாதிரித்தான் இருக்கும். கப்பல் அதிர அதிர உள்ளே இருக்கும் நீர் அழுத்தப்பட்டுக் குழம்பாகும். குழம்பு ஒரு பக்கம் ஓடினால் கப்பலும் அந்தப் பக்கம் போகும். பாக்ஸைட்டை அன்றைய சர்வதேச விதிப்புத்தகம் அப்படி ஆகாத சரக்குகளின் வகையில் வைத்திருந்தது. புத்தகமும் நம்பினால் கெடுக்கும். அதற்குப் பிறகுதான் திருத்தினார்கள்.

டின்னில் பாதிக்கு நைஸ் மணலும் களிமண்ணும் கலந்து, ஈரப்படுத்தி, கையில் எடுத்தால் உதிர்கிற மாதிரி வைத்திருப்பேன். ஒரு மாணவனைக் கூப்பிட்டு அதைத் தரையில் அடிக்கச் சொல்வேன். ஒரு சாண் உயரத்திலிருந்து, நொடிக்கு ஒன்றாக, 25 தடவை. விதியில் இருக்கிற சோதனைதான் இது, நான் கண்டுபிடித்ததல்ல. மேலே ஈரம் தெரிந்தால் ஏற்றாதே, ஆய்வகத்துக்கு அனுப்பு. தெரியாவிட்டாலும் பத்திரம் என்று அர்த்தமில்லை.

முதல் ஐந்தாறு அடிக்குப் பின் பெஞ்சில் சிரிப்பு. "சார், இதுக்கா மூணு வருசம்?" என்று மாமாவின் குரல் ஏதாவது ஒரு வாயிலிருந்து வரும். பத்து, பன்னிரண்டு. பியூன் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பதினெட்டுக்கு மேல் அடிக்கிறவன் முகம் மாறும், ஏனென்றால் டின்னுக்குள் சத்தம் மாறியிருக்கும். இருபத்தைந்து முடிந்ததும் டின்னை வரிசையாகக் கைமாற்றி அனுப்புவேன். உதிரி மண்ணாக இருந்தது மேலே கண்ணாடி போல் மினுங்கும். ஒவ்வொருவனும் குனிந்து பார்ப்பான், விரலால் தொட்டுப் பார்ப்பான். கடைசிப் பெஞ்சுக்காரன் டின்னை மெதுவாக ஒரு பக்கம் சாய்ப்பான். உள்ளே இருப்பதும் சாயும்.